மேற்படி

ஜூன் 9, திங்கள்

புது வேலையில் முதல் வாரம் ஓடிவிட்டது. பெங்களூரை விட்டு வந்தபிறகு வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்த வேலை மார்ச்சோடு நின்றுபோனது. பாளையங்கோட்டையிலேயே ஒன்று அமைந்ததில் என்னைவிட அம்மாவுக்குத்தான் நிம்மதி.

இடம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். சுற்றுவட்டாரத்துச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிகளிலிருந்து, பிறந்து இரண்டு மூன்று நாளான குழந்தைகளின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தப் பொட்டுகள் அட்டையில் காய்ந்து இங்கே வருகின்றன. கூடவே ஒரு பட்டியலும் வரும். அட்டை எண், தாயின் பெயர், ஊர், போன் எண், ஒரு வரிக்கு ஒரு குழந்தை. கருவி ரத்தத்தைப் பார்த்து, தைராய்டு சரியாக இருக்கிறதா என்பதற்கான எண்ணை ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சேர்த்து ஒரு கோப்பாகக் கொடுக்கும். அதை வாசித்துப் பெற்றோரின் போனுக்குச் செய்தி அனுப்புவது ஒரு புரோகிராம். அந்தப் புரோகிராம் இனி என் பொறுப்பு.

டாக்டர் ஜெசிந்தாதான் கூடத்துக்குத் தலைமை. ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் வீட்டில் யார் யார் என்று கேட்டார். அம்மாவும் நானும் என்றேன்.

அண்ணனுக்கு நகம் வெட்ட வேண்டும். நாளைக்கு.

ஜூன் 10, செவ்வாய்

புதுக் கருவி வந்துவிட்டது. பழையது விவரங்களுக்கு நடுவில் கமா போட்டுக் கொடுக்கும். இது அரைப்புள்ளி போடுகிறது. நம் புரோகிராம் கமாவையே தேடிக்கொண்டிருந்ததால், ஒரு குழந்தையின் எல்லா விவரத்தையும் ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டு, வெறும் பட்டியலைக் கொடுத்தது. பிரிக்கிற குறி எது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தேன். மத்தியானத்துக்குள் சரியாயிற்று. டாக்டர் டீ வாங்கிக் கொடுத்தார்.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கினேன். நகம் வெட்டவில்லை. நான் வருவதற்குள் அண்ணன் தூங்கிவிட்டான்.

ஜூன் 11, புதன்

புதுக் கருவியை நம்பலாமா என்று பார்க்க, ஒரே அட்டைகளை இரண்டு கருவியிலும் ஓட்டினோம். புதியதன் பட்டியலில் நான்கு குழந்தைகள் கூடுதலாக இருந்தார்கள். முதலில் புதுக் கருவிமேல்தான் சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு அட்டையாக எடுத்துச் சரிபார்த்தால், நான்கு பேரும் நிஜமாகவே இருக்கிறார்கள். பழைய கோப்பிலும் இருக்கிறார்கள். புரோகிராம் வாசித்துத் தருகிற பட்டியலில்தான் இல்லை.

நான்கு பேரும் இரட்டைக் குழந்தைகள், இரண்டு ஜோடி. பிறந்த பிள்ளைக்குப் பெயர் கிடையாது, தாயின் பெயரைத்தான் எழுதுவார்கள். இரட்டையாக இருந்தால் ‘சுப்புலட்சுமி குழந்தை, 1’, ‘சுப்புலட்சுமி குழந்தை, 2’ என்று எழுதுகிறார்கள். பெயருக்கு உள்ளே இருக்கும் அந்தக் கமாவையும் புரோகிராம் பிரிக்கும் குறி என்று எடுத்துக்கொள்கிறது. ஐந்து கட்டம் இருக்க வேண்டிய வரியில் ஆறு ஆகிவிடுகிறது. சரி, பிழை என்று நிறுத்தியிருக்க வேண்டும்தானே? உள்ளே போய்ப் பார்த்தேன். ‘வரி பொருந்தவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ’ என்று எழுதி வைத்திருக்கிறது. விட்டதை எங்கேயும் குறித்து வைக்கவும் இல்லை.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

“எவ்வளவு நாளா இப்படி?”

“தெரியல டாக்டர். புரோகிராம் எழுதினதிலேர்ந்தே இருக்கலாம். ரெண்டு வருஷம்.”

செய்தி வராத பெற்றோர் யாராவது கேட்டு வந்ததுண்டா என்று கேட்டேன். ஒன்றிரண்டு பேர் வந்திருக்கலாம் என்றார். செய்தி வரவில்லையென்றால் நல்லதுதான் என்று ஜனங்கள் இருந்துவிடுகிறார்கள். மற்ற எல்லா வேலையையும் ஓரமாக வைக்கச் சொன்னார்.

ஜூன் 12, வியாழன்

காலையில் கிருபாகரனுக்குப் போன் செய்தேன். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், இப்போது ஓசூரில் இருக்கிறார். சண்டை பிடிக்கத்தான் மனசுக்குள் தயார்பண்ணி வைத்திருந்தேன். அவர் முழுக்கக் கேட்டார். ஒரு நாள் காலையில் எங்கேயோ ஒரு வரி கெட்டுப்போய்ப் புரோகிராம் நின்றுவிட்டது, மற்ற எல்லாக் குழந்தைகளின் முடிவும் வெளியே போகாமல் கிடந்தது, அன்றைக்கு மட்டும் ஓடட்டும் என்று அதை எழுதினேன், அடுத்த வாரம் சரிசெய்யலாம் என்று இருந்தேன் என்றார். அடுத்த வாரம் வேறு ஒன்று வந்திருக்கிறது. பிறகு கேட்டார், “எத்தனை பிள்ளைங்க மேடம்?” இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். போனை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

பெயருக்குள் கமா வந்தால் பிரிக்காதபடி மாற்றி, ஜனவரியிலிருந்து எல்லாக் கோப்பையும் திரும்ப வாசிக்க வைத்தேன். விட்டுப்போன பிள்ளைகளில் ஒன்றைத் தவிர எல்லோருக்கும் எண் சரியாக இருந்தது. அந்த ஒன்று, பத்து நாளான இரட்டையில் இரண்டாவது பெண். டாக்டரே போன் செய்தார். தகப்பனார் பதறிப்போய் மாலைக்குள் வண்டி பிடித்து இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். திரும்ப ரத்தம் பார்த்து மாத்திரை ஆரம்பித்தாயிற்று. சரியான நேரம்தான், பயமில்லை என்றார் டாக்டர்.

அவர்கள் போனபிறகு, கூப்பிடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். வேலைக்காகத்தான் கேட்டேன். அவர் சொன்னது இது. அந்தக் குழந்தை முதலில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அழாது. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கும். போகப்போக நாக்கு தடிக்கும், குரல் கரகரக்கும், தோல் வறளும், வெயில் காலத்திலும் குளிரும். உயரம் வராது. மூளை வளர்கிற காலத்தில் அந்தச் சுரப்பு கிடைக்காததால் புத்தி வளர்ச்சி நின்றுபோகும். முதல் சில வாரத்துக்குள் தினம் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தால் இதில் எதுவுமே வராது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் கேட்டில் நின்றுகொண்டிருந்தான். ஸ்வெட்டர் போட்டிருந்தான். “வடி வந்துட்டா” என்று உள்ளே பார்த்துச் சொன்னான். என் முழுப்பெயர் சண்முகவடிவு. அவனுக்கு நாக்கு அவ்வளவுதான் புரளும்.

நகம் வெட்டிவிட்டேன். கை சில்லென்று இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அட்டைகளை எண்ணிப் பார்த்தால் இன்னும் கணக்கு இடிக்கிறது. இப்போது எந்த வரியையும் புரோகிராம் விடவில்லை, பிழை என்று எதையும் சொல்லவும் இல்லை. ஆனாலும் மே மாதத்தில் சில பேரைக் காணவில்லை.

மத்தியானம்வரை ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, பட்டியலை மேலிருந்து கீழாக ஊர்ப் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். ஓர் இடத்தில் ஊர் இருக்க வேண்டிய கட்டத்துக்குள் ஒரு போன் எண், ஒரு ரத்த எண், இன்னோர் அட்டை எண், இன்னொரு தாயின் பெயர் எல்லாம் கிடந்தன. ஊர் என்ற கட்டத்துக்குள்ளே ஒரு முழுக் குழந்தை.

காரணம் டிட்டோ. ஒரு ஆஸ்பத்திரியில், மேல் வரியில் இருக்கும் ஊரே அடுத்த வரிக்கும் என்றால், மேற்படி என்பதற்கு இரண்டு சின்னக் கோடு போடுவோமே, அதைப் போட்டிருக்கிறார்கள். கையால் எழுதும் ரெஜிஸ்டரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் புரோகிராமுக்கு அது மேற்கோள் குறி. ஒரு குறி திறந்தால் அடுத்த குறி வரும்வரை நடுவில் இருப்பதெல்லாம் ஒரே சொல் என்று எடுத்துக்கொள்ளும், வரி முடிந்தாலும் நிற்காது. அடுத்தடுத்து இரண்டு வரியில் டிட்டோ இருந்தால் போதும். முதல் வரியின் பாதியும் இரண்டாம் வரியின் பாதியும் ஒட்டி ஒரே ஆளாக ஆகிவிடும். கட்டம் ஐந்துதான். கணக்குச் சரி. பிழையே இல்லை.

அப்படி ஒட்டிக்கொண்டவர்களில் ஒரு ஜோடி: பேச்சியம்மாள், முத்துச்செல்வி. இருவரும் கருங்காலிபட்டி, ஒரே நாள் பிரசவம். முத்துச்செல்வியின் குழந்தைக்கு எண் சரியாக இருந்திருக்கிறது. அந்த நல்ல எண் பேச்சியம்மாளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, முத்துச்செல்வியின் போனுக்குச் செய்தியாகப் போயிருக்கிறது. பேச்சியம்மாள் குழந்தையின் நிஜ எண் ஊர்க் கட்டத்துக்குள் கிடந்தது. எண்பதுக்கு மேல். பத்துக்குள் இருந்திருக்க வேண்டும்.

குழந்தைக்கு இப்போது ஐந்து வாரம்.

பேச்சியம்மாளின் போன் எண் உபயோகத்தில் இல்லை. முத்துச்செல்வியின் எண்ணுக்கு அடித்தேன். அவள் கணவன் எடுத்தான். ஆமாம், அந்தச் செய்தி வந்தது, பேர் மாறி வந்திருக்கிறது என்று நினைத்து அந்த வீட்டிலும் போய்ச் சொல்லிவிட்டேன், நார்மல்தானே என்றான். பக்கத்துத் தெருவாம்.

நாளைக் காலை டாக்டரும் நானும் போகிறோம்.

ஜூன் 14, சனி

டாக்டரின் காரில் போனோம். வழியெல்லாம் மின்சாரக் காற்றாடிகள்.

வீட்டில் பேச்சியம்மாள், அவள் மாமியார், குழந்தை. கணவன் கேரளாவில் வேலைக்குப் போயிருக்கிறான். ஆண் குழந்தை, முதல் பிள்ளை. தொட்டிலில் கிடந்தது. கண் திறந்துதான் இருந்தது. ஆனால் யாரையும் தேடவில்லை. டாக்டர் குழந்தையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கன்னத்தில் விரலை வைத்துப் பார்த்தார். மாமியார் பெருமையாகச் சொன்னாள், “அழவே அழாதும்மா. பெத்தவளுக்கு ஒரு தொந்தரவு இல்ல. இப்படி ஒரு தங்கமான பிள்ள யாருக்குக் கெடைக்கும்?”

நான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னார். தப்பு எங்களுடையது என்பதை முதலில் சொன்னார், மழுப்பவில்லை. அவர்களுக்குக் கோபம் வரவில்லை, நம்பிக்கைதான் வரவில்லை. கேரளாவிலிருந்து கணவன் போனில் கேட்டான்: முதலில் நார்மல் என்றீர்கள், இப்போது இல்லை என்கிறீர்கள், அடுத்த வாரம் வேறொருவர் வந்து வேறு ஒன்று சொன்னால் நாங்கள் எதை நம்ப? அவன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. மாமியார், கோயில் கொடைத் திருவிழா வருகிறது, அது முடிந்ததும் கொண்டுவருகிறோம், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்றாள். டாக்டர் எவ்வளவோ சொன்னார். பேச்சியம்மாள் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.

நான் போனை எடுத்து, போன பொங்கலுக்கு எடுத்த படத்தைக் காட்டினேன்.

“இது எங்க அண்ணன். முப்பத்தெட்டு வயசு. பிறந்தப்போ இவனும் அழவே மாட்டானாம். எங்க அம்மாவும் தங்கமான பிள்ளன்னுதான் சொல்லிட்டு இருந்திருக்கா. எங்க வீட்டுக்கு யாரும் வந்து சொல்லல.”

பேச்சியம்மாள் போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“இவங்கள யாருக்கா பாத்துக்கிடுதா?”

“அம்மாவும் நானும்.”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். மாமியாரைப் பார்க்காமலேயே எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துக் குழந்தையைச் சுற்றினாள். “கொடைக்கு நீங்க இருங்கத்தே, நான் போய்ட்டு வாரேன்” என்றாள். கடைசியில் மாமியாரும் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள்.

மாலையில் முடிவு வந்தது. சந்தேகமே இல்லை. மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்து ஸ்பூனில் டாக்டரே முதல் முறை கொடுத்துக் காட்டினார். அவர்கள் போனபிறகு என்னிடம், “கொஞ்சம் லேட். ரொம்ப லேட் இல்ல” என்றார். பிறகு கேட்டார், “வடிவு, உங்க அண்ணனுக்கு எப்பவாவது ரத்தம் எடுத்துப் பாத்திருக்கீங்களா?”

இல்லை என்றேன். முதல் நாள், வீட்டில் அம்மாவும் நானும் என்று மட்டும் நான் சொன்னதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

துணி துவைத்தேன். அண்ணன் கொடியிலிருந்து காய்ந்ததை எடுத்து மடித்தான். மடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஓரம் ஓரத்தோடு சேராவிட்டால் திரும்ப உதறுவான்.

எழுதிவிடலாம். அண்ணன் பெயர் குற்றாலிங்கம், வீட்டில் குத்தாலம். என் தோள் உயரம் இருப்பான். ஊனமுற்றோர் அட்டையில் மனவளர்ச்சிக் குறைவு என்று போட்டிருக்கிறது. அதற்குக் காரணம் என்ன என்று எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் தேடவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில்தான் காரணம் ஏற்கெனவே இருந்ததே.

அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். அண்ணன் வயிற்றில் இருந்தபோது வலி எடுக்கிற நாள்வரை முறத்தை மடியில் வைத்து இலை வெட்டியிருக்கிறாள். அவன் நடக்காமல், பேசாமல் இருந்தபோது அப்பா வீட்டில், புகையிலைத் தூசிதான் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அப்பா சாகிறவரை அதை மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. என்னைச் சுமந்தபோது அம்மா இலையைத் தொடவில்லை. நான் சரியாகப் பிறந்துவிட்டேன். அம்மாவுக்கு வேறு சாட்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நானும் படித்தவள்தான். பெங்களூரில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு நாள் தேடிப் பார்த்திருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

கிருபாகரன் வந்திருந்தார். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. லீவு போட்டுவிட்டு ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றார். மெலிந்த ஆள், என்னைவிட இளையவர். பழைய கோப்புகள் எங்கெங்கே வைத்திருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து போன வருஷத்தையும் அதற்கு முந்தினதையும் வாசித்தோம். விட்டுப்போனவர்கள் ஒவ்வொருவரின் எண்ணும் திரையில் வரும்போது அதை வாய்விட்டு வாசித்தார்.

ஒன்று இருந்தது. இப்போது ஒன்பது மாதமான பெண் குழந்தை. டாக்டர் போன் செய்தார். கழுத்து நிற்கவில்லை என்று அவர்களாகவே நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய், நாலாவது மாதத்திலிருந்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இப்போது உட்காருகிறதாம். முழுக்கத் தப்பியது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

கிருபாகரன் வெளியே போய் ரொம்ப நேரம் நின்றார். நான் போய் டீ சாப்பிடலாம் என்றேன். வந்தார். போகும்போது, அந்தக் குழந்தை வீட்டு நம்பரை டாக்டர் கொடுப்பாரா, நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். டாக்டர் கொடுத்தார்.

ஜூன் 19, வியாழன்

அண்ணனை ஆட்டோவில் கூடத்துக்கு அழைத்துப் போனேன். அம்மாவிடம், சும்மா உடம்புக்கு ஒரு டெஸ்ட் என்று மட்டும் சொன்னேன். வரவேற்பில் இருக்கிறவர்கள், டெக்னீஷியன்கள் எல்லோரும் பார்த்தார்கள். இது எங்க அண்ணன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

டாக்டரே ஊசி போட்டார். அண்ணன் ஊசியைப் பார்த்து, “வலிக்கும்லா?” என்று கேட்டான். கொஞ்சம் வலிக்கும் என்றார் டாக்டர். “பரவால்ல” என்று கையை நீட்டிவிட்டு, மற்றக் கையால் டாக்டரின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டான். அவர் முடிகிறவரை அதை விடுவிக்கவில்லை.

ஜூன் 21, சனி

அண்ணனின் எண் கருவி அளக்கிற எல்லைக்கு மேலே இருக்கிறது. டாக்டர் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மாத்திரை ஆரம்பிக்கலாம், முதலில் இருதயத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும் என்றார். குளிர், மலச்சிக்கல், எந்நேரமும் தூக்கம், முக வீக்கம், இதெல்லாம் குறையும். போன புத்தி திரும்பாது. அதை நான் கேட்காமலேயே சொன்னார். நல்லதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

அம்மாவிடம் சொன்னேன். எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து யோசித்து, கடைசியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நேராகச் சொல்லிவிட்டேன். கழுத்தில் ஒரு சுரப்பி, அது அவனுக்குப் பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை, அது யார் செய்ததாலும் வருவதில்லை.

“அப்போ பொகையில இல்லையா?”

“இல்லம்மா. பொகையிலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டாள்.

“அந்த மாத்திர அப்பவே இருந்துச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. என்னால் முடியவில்லை.

“இருந்துச்சும்மா.”

“இங்கனயா?”

“டவுன்ல இருந்திருக்கும்.”

அம்மா எழுந்து போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

ஜூன் 23, திங்கள்

அம்மா பேசவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அண்ணனுக்கு முதல் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில். நான் கொடுத்தேன். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. சொல்லாமலே இருந்திருக்கலாமோ.

ஜூன் 27, வெள்ளி

புரோகிராமை மாற்றிவிட்டேன். இனி எந்த வரியையும் அது சத்தமில்லாமல் விடாது. பொருந்தாத வரி வந்தால் அந்த வரியைத் தனியே எடுத்துச் சிவப்பில் காட்டும். ஒரு ஆள் வந்து பார்த்தே ஆக வேண்டும். மற்றப் பிள்ளைகளின் முடிவு அதற்காகக் காத்திருக்காது. மேற்கோள் குறியை இனி வெறும் கோடாகத்தான் எடுத்துக்கொள்ளும். வந்த அட்டை எத்தனை, போன செய்தி எத்தனை என்று தினமும் ஒத்துப்பார்க்கும். ஒத்துப்போகவில்லை என்றால் டாக்டரின் போன் அடிக்கும்.

டிட்டோ போட்ட ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பட்டியல் அடிக்கிற நர்ஸ் அழுதுவிட்டாள். உங்கள்மேல் தப்பில்லை, ரெஜிஸ்டரில் அது சரிதான், புரோகிராம்தான் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யாமல் வரிசையிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துகொடுத்தேன். எல்லா ஆஸ்பத்திரிக்கும், எல்லாப் பெற்றோருக்கும் நடந்ததைச் சொல்லி டாக்டர் தன் கையெழுத்தோடு கடிதம் அனுப்பிவிட்டார்.

அம்மா இன்று என்னிடம் உப்பு இருக்கிறதா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

ஜூன் 30, திங்கள்

காலையில் எழுந்து வந்தால் அம்மா அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரையை அவளே கொடுத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி என்று டாக்டர் சொன்னதை, நான் அவளிடம் சொல்லியிராததை, மாத்திரை அட்டையோடு வைத்திருந்த சீட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வாசிக்கச்சொல்லித் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

ஜூலை 4, வெள்ளி

பேச்சியம்மாள் குழந்தையோடு மறுபரிசோதனைக்கு வந்திருந்தாள். புதுப் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்தாள். எண் நன்றாக இறங்கியிருக்கிறது. ஆள் கண்ணெல்லாம் சிவந்து வாடிப்போய் இருந்தாள். என்னம்மா என்று டாக்டர் கேட்டார். “ராத்திரி பூரா அழுகான் டாக்டர். பாலு, பாலுன்னு தூங்கவிட மாட்டேங்கான்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமியார் மட்டும், அந்தத் தங்கமான பிள்ளை எங்கே போயிற்று என்று கேட்கிறாளாம்.

இதை வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். அந்தக் குழந்தையைப் பற்றி நான் அவளிடம் பேசியது இதுதான் முதல் தடவை, மாமியார் கொடையைச் சொல்லித் தள்ளிப்போடப் பார்த்தது உட்பட எல்லாம் சொன்னேன். அம்மா அண்ணனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே கேட்டாள்.

“அது பள்ளிக்கூடம் போவுமா?”

“போகும்மா.”

“மத்த பிள்ளைய கூடயா?”

“கூடத்தான். ஒரு வித்தியாசமும் தெரியாது. மாத்திரைய மட்டும் விடாம குடுக்கணும்.”

அம்மா தோசையைத் திருப்பினாள். எடுத்து அண்ணன் தட்டில் போட்டாள். அவன் அதை விரித்து, ஓரம் ஓரத்தோடு சேரும்படி மடித்தான். அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அந்தப் பிள்ளட்ட சொல்லு. கொட வரும், கல்யாணம் வரும், ஆயிரம் வேல வரும். ஒரு நாளும் மாத்திரைய விட்ரக் கூடாதுன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

“நீங்க யாருன்னு அவளுக்குத் தெரியாதேம்மா.”

தெருவில் எல்லோருக்கும் அவள் வடிவு அம்மாதான். ரேஷன் கடையில், கோயிலில், யார் கேட்டாலும் அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். எனக்கு நினைவு தெரிந்து வேறு மாதிரி சொன்னதில்லை.

“குத்தாலத்தோட அம்மா சொன்னான்னு சொல்லு” என்றாள்.

அவள் முன்னாலேயே போன் போட்டு அப்படியே சொன்னேன்.